நடக்காத விபத்தின் குற்றவாளி

செல்லத்துரையை என்னிடம் அனுப்பிவைத்தவர் ஒரு போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். மனநல சிகிச்சை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நம்மிடம் வருகிறவர்கள் டாக்டர் சீட்டோடு வருவார்கள், இல்லையென்றால் வீட்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டு வருவார்கள். குற்றவாளியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே இடம் கிடைக்காமல் என்னிடம் வந்தவர் என் பணிக்காலத்தில் இவர் ஒருவர்தான். பெயரை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

அந்த எஸ்.ஐ., திருவனந்தபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு போலீஸ்காரர்களுக்கு நடத்திய ஒரு வகுப்புக்கு வந்திருந்தவர். நான் தமிழ்க்காரி என்பதால் என்னிடம் பேசும்போது மட்டும் மலையாளத்தைக் கொஞ்சம் வளைத்துத் தமிழாக்கிக்கொள்வார். அன்று காலை போன் செய்தார்.

"மேடம், இங்க ஒரு ஆள் வந்து நிக்குந்நு. வண்டியை இடிச்சு ஆளைக் கொன்னுட்டேன், அரெஸ்ட் பண்ணுங்கன்னு பறயுந்நு. ஆரைக் கொன்னேன்னு கேட்டா அறியில்ல. எவிடன்னு கேட்டா பைபாஸ். நான் விசாரிச்சாச்சு மேடம். பைபாஸ்ல இன்னிக்கு ஒரு கோழிகூட சாகல. சொன்னா இவன் நம்பமாட்டேங்குறான்."

"தனியாவா இருக்கார்?"

"ஒய்ஃபும் கூட உண்டு. அவங்க இவனைத் திட்டிட்டே இருக்காங்க. ரெண்டு பேரையும் அங்கோட்டு விடறேன், கேட்டோ."

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். செல்லத்துரைக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தீர்ப்பு கேட்கக் காத்திருப்பவர்போல இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் ஆலங்குளம். திருவனந்தபுரத்துக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. கழக்கூட்டத்து மென்பொருள் கம்பெனி ஒன்றுக்கு ஆட்களைக் காலையில் ஏற்றிச் சென்று மாலையில் இறக்கிவிடும் கார் ஓட்டுநர். மனைவி பேச்சியம்மாள் பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒருநாள் லீவு போன கோபம் முகத்தில் தெரிந்தது.

"மேடம், இவிய தெனமும் ஒரு ஆளக் கொன்னுட்டுத்தான் வீட்டுக்கு வருதாவ" என்று ஆரம்பித்தார் பேச்சியம்மாள். "சாப்பிட ஒக்காந்ததும் கேப்பாவ. 'யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?' ம்பாவ. 'ஆயிருக்காது' ம்பேன். ஒரு வாய் சாப்பிடுவாவ. மறுபடி கேப்பாவ. நான் மறுபடி சொல்லுவேன். எங்க வீட்ல சோறு எறங்குததே இப்படித்தான்."

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார். "அவ சொல்லுதது உண்மைதான் மேடம். எனக்குப் பிராந்தா, பைத்தியமா?"

இல்லை என்றேன். பிறகு நடந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன்.

ஓட்டும்போது சக்கரம் எதிலாவது ஏறி இறங்கும். பள்ளமாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம். உடனே ஓர் எண்ணம் வரும்: அது ஒரு ஆளாக இருந்தால்? வண்டியைத் திருப்புவார். அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பார். யாரும் இருக்கமாட்டார்கள். அப்பாடா என்று கிளம்புவார். நூறடி போனதும் அடுத்த எண்ணம்: விழுந்தவர் ஓடைக்குள் உருண்டிருந்தால்? மறுபடி திருப்புவார். பின்சீட்டில் கம்பெனிப் பிள்ளைகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினையில்லை. ஒருநாள் ஒரு பெண் விழித்துக்கொண்டு, "சேட்டா, ஈ பெட்ரோல் பம்ப் நம்ம முன்னாடியே கண்டதல்லே?" என்று கேட்டுவிட்டாள். அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. இன்னொரு புகார் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் வண்டியில் இருக்கும்போது திரும்ப முடியவில்லை. அந்தக் குறை நெஞ்சில் ஏறி ஏறி, அன்று காலை அவர்களை இறக்கிவிட்டதும் நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். போகும் வழியில் மனைவிக்குப் போன் செய்து, கடையை விட்டு வரச் சொன்னார். ஜாமீன் எடுப்பதற்காம்.

"ஸ்டேஷன்ல என்ன நடக்கும்னு நினைச்சீங்க?" என்று கேட்டேன்.

"உள்ள வச்சிட்டா நிம்மதி மேடம். அப்புறம் ஓட்டவும் வேண்டாம், பாக்கவும் வேண்டாம்."

"மனசுல என்ன இருக்கு, பயமா?"

"பயமில்ல மேடம். குத்தம். குத்தம் செஞ்ச மாதிரி இருக்கு. செஞ்சேனான்னு தெரியல. ஆனா குத்தம் மட்டும் நல்லாத் தெரியுது."

இந்த இடத்தில் உங்களை நிறுத்திவைக்க விரும்புகிறேன். இவருக்கு வந்திருந்தது ஓசிடி, எண்ணச் சுழற்சி நோய். ஓசிடி என்றதும் நம் ஆட்கள் கை கழுவுவதையும் பூட்டை இழுத்துப் பார்ப்பதையும் நினைப்பார்கள். அவை வெளியே தெரிகிறவை. உள்ளே பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது குற்ற உணர்ச்சிதான். செல்லத்துரை விபத்தைக் கண்டு பயந்ததைவிட, விபத்தைப் பற்றி அலட்சியமாக இருந்த மனிதனாக ஆகிவிடுவோமோ என்றுதான் அதிகம் பயந்தார். நெஞ்சு இப்படி அடிக்கிறதே, ஒன்றும் செய்யாதவனுக்கு இப்படி அடிக்குமா என்பது அவருடைய வாதம். உணர்ச்சியையே சாட்சியாக அவர் கூண்டில் ஏற்றியிருந்தார். அந்தச் சாட்சி ஒருநாளும் மாற்றிச் சொல்லாது.

இப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்து, கண்கலங்கி, "நான் யாரையும் இடிக்கலைல்லா மேடம்?" என்று கேட்கும்போது என்ன செய்வீர்கள்? "இல்லை, நீங்கள் நல்லவர், யாரையும் இடிக்கவில்லை" என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும், நமக்கும் நல்லது செய்த திருப்தி வந்துவிடும். ஆனால் அந்த மலர்ச்சி ஆஸ்பத்திரி கேட் வரைக்கும்தான் தாங்கும். பேச்சியம்மாள் வருடக்கணக்காக ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அதைத்தான் சொல்லிவந்தார். நான் இன்னொரு பேச்சியம்மாள் ஆகி என்ன பயன்? அந்த அம்மாளுக்காவது சம்பளமில்லை.

மாத்திரைகளை எங்கள் மனநல மருத்துவர் ஆரம்பித்துவைத்தார். பேச்சும் பயிற்சியும் என் பொறுப்பு. சிகிச்சை என்னவென்று விளக்கியபோது செல்லத்துரை தயங்கினார். வண்டியைத் திருப்பாமல் போக வேண்டும், யாரிடமும் கேட்கக் கூடாது, போனில் விபத்துச் செய்தி தேடக் கூடாது. இது எதுவும் அவரைத் தடுக்கவில்லை. தடுத்தது வேறு.

"மேடம், ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. இந்தக் குத்த உணர்ச்சியை நீங்க எடுத்துட்டா, நாளைக்கு நெசமாவே ஒருத்தன இடிச்சாலும் நான் பாட்டுக்குப் போயிருவேன்லா? இடிச்சிட்டு நிக்காமப் போறானுவளே, அந்த மாதிரி ஆயிருவேன்லா?"

நல்ல கேள்வி. நம் புத்தகங்கள் இதற்கு நீளமாகப் பதில் சொல்லும். நான் அவர்களுக்குப் பழக்கமானதிலிருந்து சொன்னேன்.

"வீட்டுக்கு விருந்தாளி வராங்க. ஒருத்தர் காரியமா வரார். கல்யாணப் பத்திரிகை வைக்கிறார், வெத்தலை எடுத்துக்கறார், போயிடறார். இன்னொருத்தர் எதுக்கு வந்தார்னு அவருக்கே தெரியாது. உக்காந்துகிட்டு காப்பி மேல காப்பி கேக்கறார். குடுக்கக் குடுக்கக் கேக்கறார். குற்ற உணர்ச்சியிலும் இந்த ரெண்டு ஜாதி உண்டு. முதல் ஆளை நான் தொடப் போறதில்லை. ரெண்டாவது ஆளுக்குக் காப்பி போடறதை மட்டும் நிறுத்தப் போறோம்."

"அவரு எந்திரிச்சுப் போயிருவாரா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"உடனே போகமாட்டார். கத்துவார். மரியாதை தெரியாத வீடுன்னு ஊரெல்லாம் சொல்லுவார்."

"சொல்லட்டும். எங்க சித்தப்பா ஒருத்தரு அப்படித்தான்."

செல்லத்துரை அன்று முதல்முறையாகச் சிரித்தார். அந்தச் சித்தப்பா அவருக்கும் பழக்கம் போலிருக்கிறது.

பேச்சியம்மாளுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். கணவர் கேட்டால் "ஆயிருக்காது" என்று சொல்லக் கூடாது. "ஆயிருக்கும்" என்றும் சொல்லக் கூடாது. "தெரியல, சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் செல்லத்துரை புகார் செய்தார்: "இவ நான் கேக்கதுக்கு முன்னாலயே சொல்லுதா மேடம். தட்டு வைக்கும்போதே 'தெரியல, சாப்பிடுங்க' ங்கா." வருடக்கணக்காக அடக்கிவைத்ததை அந்த அம்மாள் இரண்டே வார்த்தையில் தீர்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நிதானமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். வீட்டில் கேள்வி மெல்லக் குறைந்தது. முதல் சில நாட்கள் அவர் சோற்றைப் பிசைந்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார், இந்த அம்மாள் அடுக்களையில் போய் அழுதார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதில் சொல்லாமலிருப்பது கேட்பவருக்கு மட்டும் கஷ்டமில்லை. புருஷனைத் தவிக்கவிடுகிறோமே என்கிற குற்றம் அவர் தலையில் ஏறியது. "அந்த ரெண்டாவது விருந்தாளி இப்ப எங்கிட்ட வந்திருக்காரு மேடம்" என்றார்.

பிறகு சாலை. இந்த நோய் சாலையில் இருக்கும்போது நான் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. எங்கள் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, ஆள் ஏற்றாத பகல் நேரங்களில் அவருடைய காரின் முன்சீட்டில் உட்கார்ந்து போக ஆரம்பித்தேன். பார்க்கிறவர்களுக்கு, வேலை நேரத்தில் டாக்ஸி பிடித்து ஊர் சுற்றும் உத்தியோகஸ்தை. எங்கள் பிரிவில் நர்ஸ்கள் கேலி செய்தார்கள்.

கிளம்பும் முன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஏதாவது சத்தம் கேட்டால், நல்ல ஓட்டுநர் யாரும் செய்வதுபோலக் கண்ணாடியில் ஒருமுறை பார்க்கலாம். யாராவது விழுந்து கிடந்தாலோ, ஆட்கள் கத்தினாலோ, பின்னால் வண்டிகள் நின்றாலோ நாமும் நிற்போம். அப்படி எதுவுமில்லையென்றால் போகிறோம். மனசு என்ன சொன்னாலும் போகிறோம். ஆள் குறைந்த அகலமான சாலையில் ஆரம்பித்தோம். பிறகு பள்ளமுள்ள தெருக்கள், பிறகு பள்ளிக்கூடம் விடும் நேரம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் கழுத்து நரம்பு புடைக்கும். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். தவிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். இறங்குகிறது என்பதையே அவர் அதுவரை அறியவில்லை. அதற்குள் வண்டியைத் திருப்பிவிடுவாரே.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்படிப் போகும்போதுதான் நம் சோதனை வரும்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகல். கழக்கூட்டத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில், மேம்பாலத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தோம். வலதுபக்கம் ஒரு கண்டெய்னர் லாரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. அந்த நொடியில் இடதுபக்கம் டொம்மென்று ஒரு சத்தம். குலுக்கல்கூட இல்லை, வெறும் சத்தம். கதவில் ஏதோ பட்டதுபோல.

"மேடம், பட்டிருச்சு" என்றார் செல்லத்துரை.

நானும் கேட்டிருந்தேன். சத்தம் என் பக்கத்துக் கதவில்தான்.

"கண்ணாடியில பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"வண்டிங்க வருது. ஒண்ணும் நிக்கல. யாரும் இல்ல. ஆனா மழை மேடம். மழையில எப்படித் தெரியும்? ஒருத்தன் ஓரமா நடந்து வந்திருந்தா? திருப்பிருதேன் மேடம். இது அந்த மாதிரி இல்ல, இது நெசம். நீங்களே கேட்டீங்கள்லா?"

வண்டியின் வேகம் குறைந்தது. சற்று முன்னால் திரும்புவதற்கான இடைவெளி வந்துகொண்டிருந்தது. இண்டிகேட்டர் மேல் அவர் விரல் இருந்தது.

பிள்ளைகளே, அந்தச் சில விநாடிகளைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். என் மனசு என்ன சொல்லிற்று தெரியுமா? திரும்பு என்றது. நீ படித்தவள், ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்காமல் போய், அங்கே ஒருவர் விழுந்து கிடந்தால் நீ மனுஷியா என்றது. என் நெஞ்சும் அவர் நெஞ்சைப் போலவே அடித்தது. அதே சாட்சி இப்போது என் கூண்டில் ஏறியிருந்தது. நமக்கு நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சாட்சிக்கு எல்லா ஊரிலும் குரல் ஒன்றுதான்.

எது தெரியும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சத்தம் கேட்டது. அவர் கண்ணாடியில் பார்த்தார். எனக்குத் தெரிந்தவரையில் அவரைவிடக் கவனமாகக் கண்ணாடி பார்க்கிற ஓட்டுநர் இந்த நகரத்தில் இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஓரத்தில் கடைகள் இருந்தன, கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியவர்கள் நின்றிருந்தார்கள், யாரும் கத்தவில்லை, கை காட்டவில்லை. கவனமான ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. பாக்கி இருந்தது தெரியாமை மட்டும். அதற்குத்தான் சிகிச்சை.

ஒன்றும் ஆகவில்லை என்று அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் நேரே போயிருப்பார், என் வாக்கை நம்பி. அடுத்த முறை நான் இல்லாதபோது யார் வாக்கு? அதனால் அதைச் சொல்லவில்லை. பதற்றத்தில் எனக்கு எங்கள் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"எனக்கும் தெரியாது. நேரே போங்கோ."

"மேடம்..."

"தெரியாது, செல்லத்துரை. எனக்கும் படபடன்னுதான் இருக்கு. திரும்பறதா நேரே போறதான்னு நீங்கதான் தீர்மானிக்கணும், ஸ்டியரிங் உங்க கையில. நான் சொல்றது இவ்வளவுதான். தெரியாமலேயே போகலாம். நேரே போங்கோ."

இடைவெளி வந்தது. அவர் விரல் இண்டிகேட்டரிலிருந்து இறங்கியது. இடைவெளி எங்களைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் வேகம் சீராக இருந்தது. மேம்பாலம் ஏறி இறங்கினோம். கம்பெனிகளைத் தாண்டிச் சாலையோரத்துத் தட்டுக்கடை ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். டீயும், நேந்திரம்பழத்தில் போடும் பழம்பொரியும் வாங்கி மழைக்கு ஒதுங்கி நின்று சாப்பிட்டோம். கதவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவர் முதல் பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவதை நன்றாக மென்று தின்றார். மூன்றாவதை அவராகவே கேட்டு வாங்கினார். எங்கள் துறையில் அளவுகோல்கள் நிறைய உண்டு. அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

"எறங்கிட்டு மேடம்" என்றார் டீ கிளாஸை வைத்துவிட்டு. "முழுசா எறங்கல. ஆனா பாதிக்கு மேல எறங்கிட்டு. நான் ஒண்ணுமே செய்யலையே, எப்படி எறங்குச்சு?"

அந்தச் சத்தம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் சக்கரமே தெறித்துவிட்ட கல்லாக இருக்கலாம். அடுத்த நாள் காலை ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் பேப்பர் வந்தது. என் கை அதை நோக்கிப் போவதைப் பார்த்தேன். வழக்கமாக முதலில் வெளியூர்ச் செய்தி படிக்கிறவள், அன்று நேராக உள்ளூர்ப் பக்கத்துக்குப் போகத் தயாராக இருந்தேன். பேப்பரை மடித்து என் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

"என்ன, பேப்பரைத் தொடவே இல்லை?"

"இன்னிக்கு வேண்டாம். நீங்களே வாசிச்சுக்கோங்கோ. உள்ளூர் சமாசாரம் எதுவும் எங்கிட்ட சொல்லாதேங்கோ."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மழைன்னு போட்டிருக்கான். அதையாவது சொல்லலாமோ?"

நோயாளியைப் படாதபாடு படுத்திவிட்டு, நான் மட்டும் பேப்பரைப் புரட்டி நிம்மதி தேடினால் அது நியாயமில்லை. அந்த ஒரு காலையில், செல்லத்துரை தினமும் எதைத் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறார் என்பது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. உங்களில் பலர் சிகிச்சையின் நடுவில் இரக்கப்பட்டு ஆறுதல் சொல்லிவிடுவீர்கள். அப்போது அது அவருடைய குற்ற உணர்ச்சிக்குச் சொல்லும் ஆறுதலா, உங்களுடையதற்கா என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கும். தப்பில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு செல்லத்துரை வேகமாக முன்னேறினார். கம்பெனியில் புகார் வரவில்லை. பின்சீட்டுப் பிள்ளைகள் முழுத் தூக்கம் தூங்கினார்கள். ஆனாலும் அந்தப் பழைய கேள்வி அவரை விடவில்லை. உண்மையிலேயே இடித்தால் நான் எப்படி இருப்பேன்? அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. பழவங்காடியில் பதில் கிடைத்தது.

எங்கள் பயிற்சி முடிந்து, என்னை வீட்டுப் பக்கம் விடுவதற்காகக் கிழக்கேகோட்டை வழியாக வந்துகொண்டிருந்தார். பேச்சியம்மாளுக்கு அன்று அரைநாள் லீவு, பின்சீட்டில் இருந்தார். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் எப்போதும்போல் நெரிசல். எதிரே ஒரு பஸ் வந்து முட்டிக்கொண்டு நிற்க, வழிவிடுவதற்காகச் செல்லத்துரை வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். கண்ணாடி பார்த்து, மெதுவாகத்தான் எடுத்தார். ஆனால் பார்வைக்குத் தப்பிய ஒரு கோணத்தில் ஒரு தள்ளுவண்டி நின்றிருந்தது. டமால். சந்தேகத்துக்கு இடமேயில்லாத சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். தள்ளுவண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அதிலிருந்த தேங்காய்கள் எல்லாம் கோயிலுக்கு உடைக்க விற்பவை. அவை வரிசையாகக் குதித்து நடுரோட்டில் உருண்டுகொண்டிருந்தன. ஓர் ஆட்டோ ஒன்றின் மேல் ஏறியது. தேங்காய்த் தண்ணீர் பீய்ச்சியடித்து, குளித்துத் திருநீறு பூசிக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் வேட்டியில் பட்டது. அதற்குள் ஹார்ன்கள் ஆரம்பித்துவிட்டன. தள்ளுவண்டிக்கார அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கண்ணு கண்டூடே நினக்கு?" என்று ஆரம்பித்தார். கண் தெரியவில்லையா என்பது தொடக்கம்தான். அதற்குப் பிறகு சொன்னவை எழுத்தில் வராது.

மாதக்கணக்கான உழைப்பு நடுரோட்டில் உருள்கிறதே என்று நினைத்தேன். பின்சீட்டில் பேச்சியம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

செல்லத்துரை ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். நான்கு விளக்கையும் போட்டார். "மேடம், நீங்க எறங்காண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவிடம் போய், "தெற்று என்டெயாணு அம்மே" என்றார், தப்பு என்னுடையது என்று. ஒரே ஒருமுறை. அடிபட்டிருக்கிறதா என்று அவரைக் கேட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையைக் காட்டி ஆட்டோக்களை நிறுத்தி, தேங்காய்களைப் பொறுக்கினார். வழியில் போனவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்கள். தள்ளுவண்டியை நிமிர்த்தினார், சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடுத்தார். உடைந்தவற்றுக்கு விலையைக் கொடுத்தார். வேட்டி நனைந்த பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். பெரியவர், "பரவாயில்லை, கணபதியே தீர்த்தம் தெளிச்சுட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தள்ளுவண்டிக்கார அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு வேண்டுதலும் இல்லாம இத்தனை தேங்கா ஒடச்சது நீ ஒருத்தன்தான்" என்று இப்போது தமிழிலேயே சொன்னார்.

செல்லத்துரை வந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பஸ் போய்விட்டிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உயிர் போயிற்று. கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மேடம், இது வேற மாதிரி இருக்கு."

"எப்படி?"

"வெக்கமா இருந்துச்சு. அந்தம்மாவப் பாக்கப் பாவமா இருந்துச்சு. ஆனா என்ன செய்யணும்னு தெரிஞ்சுது மேடம். எறங்குனேன், பொறுக்குனேன், முடிஞ்சு போச்சு. மத்தது வரும்போது என்ன செஞ்சாலும் பத்தாது. இது பத்துச்சு." கொஞ்ச தூரம் போனதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவுதானா மேடம்? இடிச்சா இவ்வளவுதானா?"

"ஆளை இடிச்சா இவ்வளவில்ல" என்றார் பேச்சியம்மாள் பின்னாலிருந்து.

"அது தெரியும். அப்பவும் எறங்குவேன்லா. அதான் சொல்லுதேன். நான் எறங்குத ஆளுதான்."

அந்த ஒரு வாக்கியத்தை அவருக்கு நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

நோய் அடியோடு போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. சில திருப்பங்களில் இன்னும் வந்து எட்டிப் பார்க்கும் என்று சொன்னார். அவர் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், கோயில் கொடைத் திருவிழாவுக்காகக் குடும்பத்தோடு ஆலங்குளம் போய்வரப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இந்த நோய் வந்த பிறகு பஸ்ஸில்தான் ஊருக்குப் போவார்கள். இந்த முறை தானே காரை ஓட்டிக்கொண்டு போகிறாராம். நான் எதுவும் சொல்லவில்லை. பார்த்துப் போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவரிடம் அதைச் சொல்வதில் உள்ள ஆபத்து உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

"மேடம், ஊருக்கு வந்து சேந்துட்டோம்."

"வழியெல்லாம் எப்படி இருந்தது?"

"எனக்குத் தெரியாது மேடம்."

"ஏன்?"

"முன்னெல்லாம் வண்டியில ஒக்காந்தா இடப்பக்கம் பூராவும் நான்தான் பாத்துக்கிட்டு வரணும். யாரும் இல்ல, யாரும் இல்லன்னு சொல்லிக்கிட்டே வரணும். கண்ண மூட விடமாட்டாவ. இந்தத் தடவ எல்லையில பாறசாலை தாண்டுனது தெரியும். அப்புறம் எழுப்பி, 'வீடு வந்துட்டு, எந்திரி'ன்னாவ." அவர் குரலில் வெட்கமும் சந்தோஷமும் கலந்திருந்தன. "நான் தூங்கிட்டேன் மேடம்."